இடது பக்கம் அவள், வலது பக்கம் நான்

அந்த மூன்று கேம் பெட்டிகளையும் ஒரு காலத்தில் கையில் வைத்து விளையாடியவர்களுக்கென்று இப்போது போனில் ஒரு குழு இருக்கிறது. என் அக்கா மகன்தான் என்னை அதில் சேர்த்துவிட்டான். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள், பாதிப் பேர் பேரப்பிள்ளை எடுத்தவர்கள், பழைய பெட்டியைத் துடைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். முதல் கேம்தான் உசத்தி என்று ஒரு கட்சி, இரண்டாவதுக்கு ஈடில்லை என்று ஒரு கட்சி. போன மாதம் ஒருவர், "இதை நீங்கள் யாரோடு விளையாடினீர்கள்?" என்று கேட்டிருந்தார். தம்பியோடு, அப்பாவோடு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரோடு என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. எல்லாமே இனிக்க இனிக்க எழுதியிருந்தார்கள். நானும் எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். குழுவில் போடுகிற அளவுக்குச் சின்னப் பதில் இல்லை அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்காலில் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீடு டவுனுக்கு வெளியே, கடலோரம் கிளிஞ்சல்மேட்டில். அப்பா மீன் வியாபாரி. கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் லாரியில் ஏற்றிவிடுவார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அதனால் எனக்குப் பெருமை இருந்ததோ இல்லையோ, பயம் நிறைய இருந்தது. வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் இருந்தேன்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள். டவுனில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவள் வீடு. அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். அந்த மாதிரிக் குடும்பங்களை ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவள் அண்ணனும் அங்கே ராணுவத்தில்தான் இருந்தான். அம்மாவை மமா என்று கூப்பிடுவாள். மற்றபடி எங்களைப் போலத்தான் பேசுவாள், எங்களைவிட அதிகமாகப் பேசுவாள். முதல் நாளே என் டிபன் பாக்ஸைத் திறந்து என் இறால் தொக்கில் பாதியை எடுத்துக்கொண்டு, தன் ரொட்டியைப் பிய்த்து எனக்கு வைத்தாள். கேட்கக்கூட இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

சேர்ந்து சில மாதங்கள் போனபின் ஒரு மதியம், "வீட்டுக்கு வா, ஒண்ணு காட்டுறேன்" என்றாள். அவள் வீட்டு மாடியறையில் மரக் கதவு போட்ட உயரமான ஜன்னல்கள். கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் அகலம். நடுவில் சின்னக் கண்ணாடித் திரை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொத்தான். அண்ணன், லீவில் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான்.

திரையில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படம் வண்ணத்தில் அச்சாகியிருந்தது. அதற்கு மேல் கறுப்பு நிழலாக ஒரு மனிதன், கையில் எண்ணெய்த் தூக்கு. படிப்படியாக மேலே ஏறி விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். கடல் பறவைகள் இரண்டு பக்கமும் பாய்ந்து வரும். இடது பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் ஒதுங்குவான், வலதை அழுத்தினால் வலப்பக்கம். ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் மூலையில் எண் ஏறும். பறவை மூன்று தடவை கொத்தினால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் கேம். இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். டி.வி. என்றால் மாடியில் உயரக் கம்பம் நட்டு இலங்கைக்காரன் படத்தைப் பிடித்துப் பார்த்த காலம் அது. நாம் அழுத்தினால் திரைக்குள் ஒருவன் நகர்கிறான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அவளுக்கு இரண்டு கையும் ஒன்றாக ஓடவில்லை. வலது பக்கம் பறவை வரும்போது வலதையே அழுத்திவிடுவாள். நான்கைந்து தரம் தோற்றபின், "வலது பக்கத்தை நீ பிடிடி" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தோளும் தோளும் ஒட்ட உட்கார்ந்து, பெட்டியை நடுவில் வைத்து, இடது பொத்தானில் அவள் கட்டை விரல், வலது பொத்தானில் என் கட்டை விரல். முதல் வாரம் இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தி மாட்டிக்கொள்வோம். பிறகு பழகிவிட்டது. அவள் மூச்சு இழுப்பதை வைத்தே இப்போது இடது போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். பேசத் தேவையில்லை. அந்த நிழல் மனிதனை நாங்கள் நம்மாளு என்று கூப்பிட்டோம். "நம்மாளு இன்னைக்குச் சோம்பேறியா இருக்கான்டி" என்பாள்.

தினமும் வகுப்பு முடிந்ததும் அவள் வீடு. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து நான் ஊருக்குத் திரும்புவேன். அவள் மமா கீழே தையல் மிஷினில் இருப்பார். "வாம்மா" என்பார், தலை நிமிராமல். அவர் சுபாவம் அப்படி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் கேமில் எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை எட்டியதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதான். அடுத்த வருஷம் இரண்டாவது வந்தது. இதிலும் நம்மாளுதான், ஆனால் படகில். மூழ்கும் கப்பலில் இருந்து குதிப்பவர்களைப் பிடித்துக் கரை சேர்க்க வேண்டும். இதைக் கல்லூரிக்கு எடுத்துப் போனோம். சாப்பாட்டு வேளையில் பெண்கள் எங்களைச் சுற்றி நிற்பார்கள். தருமபுரத்திலிருந்து வரும் ஒருத்தி, கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒருத்தி, இரண்டு பேரும் எங்களுக்குப் பரம ரசிகைகள். குதிக்கிற ஒருவரைப் படகில் பிடித்தால் கைதட்டுவார்கள். "ஒரு தடவை எங்களையும் விடுங்களேன்" என்று கேட்டால் கொடுப்போம். ஆனால் அவர்கள் ஜோடி சேர்ந்து விளையாடியதும் நம்மாளு உடனே தோற்றுப்போவான். அது எங்களுக்குள் ஒரு இரகசியப் பெருமை.

அதுவும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் பூஜ்யமானது.

மூன்றாவது வந்தபோது அவள் அண்ணனே லீவில் வந்திருந்தான். அவன்தான் அந்தப் பேச்சை எங்கள் காதில் போட்டான். இந்தக் கேமில் நம்மாளு வேலையெல்லாம் முடித்து, பனி மூட்டத்தில் பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு அச்சாகியிருந்தது, ஒரு ஜன்னலும் ஒரு கதவும். "இதோட கதை முடியுதும்மா. இதுல பூஜ்யத்துக்குப் போவாது. அந்த நம்பரைத் தாண்டினா வீட்டுல விளக்கு எரியும்னு எங்க முகாம்ல ஒருத்தன் சொன்னான்" என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. மூன்றாவது கேம் மிகவும் கஷ்டம். எண் ஏற ஏறப் பாறைகள் வேகமாக வரும். ஒரு நாள் அறுநூற்றைத் தொட்டுவிட்டுத் தோற்றபோது அவள் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஒருத்தி இல்லாம இன்னொருத்தி முடிக்கக் கூடாது."

"முடிக்க மாட்டேன்" என்றேன்.

"நானும் மாட்டேன். மாதா மேல சத்தியம்."

அவள் சத்தியம் பண்ணியிருக்க வேண்டியதில்லை. நான் நம்பித்தான் இருந்திருப்பேன்.

கல்லூரி கடைசி வருஷம் நாகப்பட்டினத்தில் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டும்போதுகூட என் வலது கட்டை விரல் சும்மா சும்மா அசையும். அக்கா பார்த்துவிட்டு, "வெரல்ல என்னடி வலியா?" என்று கேட்டாள்.

திரும்பி வந்த அன்றே டவுனுக்குப் போனேன். மமா தையல் மிஷினில் இல்லை. வீடு வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. மாடியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். உட்கார்ந்ததும் முதல் பேச்சாகச் சொன்னாள்.

"முடிஞ்சிடுச்சுடி."

"எது?"

"மூணாவது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதைத் தாண்டியாச்சு."

"தனியாவா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இல்ல. அவரும் நானும்."

"எவரு?"

அப்புறம்தான் சொன்னாள். பிரான்சில் வேலை பார்க்கும் ஒருவர், அவர்களுக்குத் தூரத்து உறவு, பெண் பார்க்கத் தன் தாய் தகப்பனோடு வந்திருந்தாராம். மூன்று வாரம் இந்த வீட்டில்தான் தங்கினார்களாம். பேசி முடித்தாகிவிட்டது. தவக்காலம் கழித்துக் கல்யாணம். அடுத்த மாதமே பயணம். இது திடீரென்று நடந்தது இல்லை. ஒரு வருஷமாகப் பேச்சு நடந்திருக்கிறது. சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல்லி அவள் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது இதற்காகத்தான். பெட்டியை நடுவில் வைத்து நாங்கள் உட்கார்ந்த எத்தனையோ மதியங்களில் அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் கேட்டது வேறு. எனக்கு எது முதலில் வலித்தது என்று இன்றைக்கும் தெளிவாகத் தெரியும், அதைச் சொல்ல வெட்கமில்லை.

"வலது பக்கம் அவரா பிடிச்சாரு?"

"ம்."

"அப்புறம் என்னாச்சு? விளக்கு எரிஞ்சிச்சா?"

அவள் முகம் மாறியது. சட்டென்று ஒரு உற்சாகம் வந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். எண் அப்படியே நின்றுவிட்டதாம். சத்தமும் நின்றுவிட்டதாம். பாறைகள் ஒவ்வொன்றாக மறைந்ததாம். ஜன்னல் பளிச்சென்று ஆனதாம். பிறகு கதவு திறந்து ஒரு பெண் வந்து நின்றாளாம், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு. நம்மாளு துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்து நின்றானாம். "இவ்ளோ நேரம் எங்க போயிருந்தேன்னு கேக்குற மாதிரி இருந்துச்சுடி அவ நின்னது" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு முடித்துவிட்டாள் என்ற வலி ஒரு பக்கம். நம்மாளு வீடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைக்குத் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது அவள் மூன்றாவது பெட்டியை என் கையில் வைத்தாள். "நீ வச்சுக்க. எனக்குத்தான் முடிஞ்சிடுச்சே."

வாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டில் அதைத் திறக்கவில்லை. முடிவு தெரிந்த கதை, அதுவும் வேறொருவர் கை பிடித்து முடித்த கதை. கல்லூரியில் மட்டும் எல்லோருக்கும் அந்த முடிவைச் சொன்னேன். தருமபுரத்துக்காரி இரண்டாவது முறையும் கேட்டாள். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றதை நான் நின்று காட்டினேன். என் கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் அவள் வீட்டுக்கு அடிக்கடி போகவில்லை. போகக் காரணமும் இல்லை. அவளும் கல்யாண வேலையில் இருந்தாள்.

கல்யாணம் முதலில் நகராட்சியில் பதிவு, அதை அந்த வீட்டில் மேரி என்பார்கள். பிறகு கோயிலில் பூசை. கல்யாணத்தன்று உன் பக்கத்தில் நான்தான் நிற்பேன், புடவையைப் பிடித்துக்கொள்வேன் என்று எப்போதோ விளையாட்டாகப் பேசியிருந்தோம். அவள் பக்கத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு உறவுக்காரப் பெண் நின்றாள். நான் பின் வரிசையில் கோவில்பத்துக்காரியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா வியாபாரம் இருந்தும் என்னோடு வந்து, வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

விருந்தில் என்னைப் பார்த்ததும் அவள் கையசைத்துக் கூப்பிட்டாள். கணவரிடம், "இவ என்கூடக் காலேஜ்ல படிச்சவ" என்றாள். அவ்வளவுதான். அதற்குள் யாரோ அவளை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். நானும் அவரும் எதிரெதிரே நின்றோம். அமைதியான மனிதர், நல்ல மாதிரி. என்ன பேசுவது என்று தெரியாமல், "நீங்க ரெண்டு பேரும் கேமை முடிச்சிட்டீங்களாமே" என்றேன்.

"எந்த கேம்ங்க?"

"படகு. பாறைங்க வருமே. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு..."

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். "அந்தக் கீச் கீச்சுன்னு கத்துற பெட்டியா? கையில கொடுத்தாங்க. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது, தலைவலிக்குதுன்னு வச்சுட்டேன். அதுக்கப்புறம் அதை எடுக்கவே இல்லையே."

நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. மேடையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுகூட அவர் மறந்திருப்பார் என்றுதான் தோன்றியது. அவள் பொய் சொன்னாள் என்று நினைக்க மனம் வரவில்லை.

அவள் பிரான்சுக்குப் போனபின் பெட்டியைத் திறந்தேன். பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. கடிகாரத்துக்குப் போடும் பொட்டுப் பாட்டரிதான் அதற்கும். முன்பெல்லாம் அவள் வீட்டிலிருந்து யாராவது கடையில் கொடுத்து மாற்றி வருவார்கள். நான் திருமலைராயன்பட்டினத்தில் அப்பாவுக்குத் தெரிந்த, சிங்கப்பூர் போய்வரும் ஒரு பாயிடம் சொல்லி வைத்து இரண்டு பாட்டரி வாங்கினேன். நானே பின்மூடியைத் திறந்து போட்டேன்.

போட்டதும் ஒரு கணம் திரை முழுக்க உருவங்கள் நிறைந்து நின்றன. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற அத்தனை நிழல்களும் ஒரே நேரத்தில். நம்மாளு நிற்கக்கூடிய எல்லா இடத்திலும் நம்மாளு. வரக்கூடிய எல்லாப் பாறையும். மூலையில் எண்ணின் எல்லாக் கோடுகளும் சேர்ந்து மூன்று எட்டுகள். பிறகு எல்லாம் மறைந்து பூஜ்யம் வந்தது.

எனக்கு என்னவோ உறுத்தியது. பாட்டரியைக் கழற்றி மறுபடி போட்டேன். மறுபடி எல்லா நிழலும் வந்தன. வீட்டுக் கதவுக்கு நேரே பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஜன்னலிலும் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி செய்தவன் அதற்குள் அப்படி ஒரு பெண்ணை வைக்கவே இல்லை.

அப்படியும் நான் விளையாடினேன். என் கண்ணை நம்பக் கூடாது, முடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு கையாலும் விளையாடப் பழக எனக்கு நெடுநாள் ஆனது. வலது கை தன் வேலையைச் செய்துவிட்டு நிற்கும். இடது கை யாருக்காகவோ காத்திருக்கும். பாறை மோதும். காலையில் அப்பா கரைக்குப் போனபின், அம்மா சமையலில் இருக்கும்போது, கொல்லைப் பக்கம் உட்கார்ந்து விளையாடுவேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடினேன். எனக்கு அதில் சந்தோஷம் போய்விட்டிருந்தது. கணக்கு தீர்க்கிற மாதிரி விளையாடினேன்.

ஒரு ஞாயிறு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வந்தது. அடுத்த துடுப்பில் பூஜ்யம் வந்தது. பாறைகள் மெதுவாக, முதலில் வருவதுபோல வர ஆரம்பித்தன. நம்மாளு மறுபடி கடலுக்கு நடுவில் நின்றான். நான் கையை எடுத்துவிட்டேன். மூன்று முறை மோதி ஆட்டம் தானாக முடிந்தது.

நான் அன்று அழவில்லை. கல்லூரியில் அத்தனை பேர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று காட்டினேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

எண்பதுகள் முடிகிற சமயம் அவள் முதல் முறையாக ஊருக்கு வந்தாள். அதற்குள் எனக்கு டவுனில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து நிரந்தரமும் ஆகியிருந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருப்பதாகவும் என்னைப் பார்க்க வேண்டும் என்றும் ஆள் சொல்லி அனுப்பினாள். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அலுவலகம் விட்டதும் கால் அந்தத் தெருவுக்குப் போய்விட்டது.

கொஞ்சம் பருத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவளுடைய பெண் குழந்தை கீழே மமாவோடு இருந்தது. நாங்கள் மாடியில் உட்கார்ந்தோம். அவள் அந்த ஊர்க் குளிரைப்பற்றிச் சொன்னாள், வேலைக்குப் போவதைப்பற்றிச் சொன்னாள், பேச ஆள் இல்லாமல் முதல் வருஷம் அழுததைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, காத்திருந்தாற்போல இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அந்த மூணாவது கேமை நீ முடிக்கவே இல்லதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"இல்ல."

"அப்புறம் ஏன் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னே?"

அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். கீழே கேட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அவங்க வீட்டுக்காரங்க எல்லாம் வந்து தங்கியிருந்தாங்க. நீ ஊர்லேர்ந்து வந்தா தினம் வருவே. மமா சொன்னாங்க, மீன்காரர் பொண்ணு எந்நேரமும் மாடியில உக்காந்திருந்தா வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு. கல்யாணம் வரைக்கும் அவங்க வந்து போய்க்கிட்டுதான் இருப்பாங்க, அதுவரைக்கும் நீ வராம பாத்துக்கன்னு சொன்னாங்க. உங்கிட்ட வந்து நான் எப்படிடி அதைச் சொல்றது? கேம் முடிஞ்சுபோச்சுன்னா நீயா வர்றதைக் குறைச்சுக்குவேன்னு நெனச்சேன்."

குறைத்துக்கொண்டேன்தான். அவள் நினைத்தது அப்படியே நடந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா கோவம் வந்திருக்கும். கோவம் வந்தா நீ திரும்பியே பாத்திருக்க மாட்டே. எனக்கு நீ வேணும். ஆனா அப்ப தினம் வரக் கூடாது. அவ்ளோதான்."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. தையல் மிஷினிலிருந்து தலை நிமிராமல் "வாம்மா" என்ற குரல் மூன்று வருஷமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவள் விரலும் என் விரலும் ஒரே பெட்டியில் இருந்தபோதும் தெரிந்திருக்கிறது.

"அந்தப் பொம்பள?" என்று கேட்டேன்.

"எந்தப் பொம்பள?"

"கதவைத் தெறந்து இடுப்புல கை வச்சு நின்னவ."

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அப்படி ஒண்ணு சொன்னேனா நான்?"

"சொன்னே."

"அண்ணன் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லடி."

அவள் அண்ணன் விளக்கு எரியும் என்றுதான் சொன்னான். அந்தப் பெண்ணை அவள்தான் உண்டாக்கினாள், என் முன்னால், கட்டிலில் உட்கார்ந்து, ஒரு நிமிஷத்தில். நான் அந்தக் கதவுப் பெண்ணை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தேன். பொய் என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தேன். உண்டாக்கியவளுக்கு அது நினைவில்கூட இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தேன்.

"கோவமா?"

"இல்ல."

"நாளைக்கு வா. ஞாயித்துக்கிழமை கெளம்புறோம்."

"பாக்குறேன்" என்றேன். கீழே மமா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இருந்து காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்றார். அரசு வேலையில் இருப்பவளுக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஒன் கூட்டாளி வந்திருந்தா. அந்தப் பிரான்சு பொண்ணு. கொழந்தையைத் தூக்கிக்கிட்டு, வெயில்ல, ஆட்டோ வச்சு வந்துச்சு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நீ ஆபீஸ் போயிருக்கேன்னு சொன்னேன். தெரியும், சும்மா பாக்கத்தான் வந்தேன்னுச்சு. தரையிலேயே உக்காந்துகிச்சு. வஞ்சிரம் பொரிச்சிருந்தேன், சோறு போட்டேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. கொழந்தைகூடக் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுச்சு. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு."

நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் எந்த இடத்தில் உட்கார்ந்தாள் என்று அம்மா காட்டினாள். நான் பார்க்கவில்லை.

"எவ்ளோ நல்ல பொண்ணு" என்றாள் அம்மா. "ஏண்டி, அத்தனை வருஷம் பழகியிருக்கே. ஒரு தடவைகூட நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும்னு ஒனக்குத் தோணல. பாவம், அதுக்கு ஆசையா இருந்திருக்கும்."

எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குக் கூப்பிட்டேன், கடல் தீர்த்தவாரிக்குக் கூப்பிட்டேன், அக்கா வளைகாப்புக்குச் சாப்பிடவாவது வா என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னாள். ஒவ்வொன்றையும் நம்பினேன்.

அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. "தோணல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனேன்.